நூலகரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில்

*வாட்ஸ்அப் வதந்தி முதல் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரை வரை, பிள்ளைகள் பிரித்தறியக் கற்க வேண்டியவை பெருகிவிட்டன. அதைச் சொல்லித் தரும் பொறுப்பு கணினி ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் உரியதா?*

திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றன. நாசா விஞ்ஞானிகளே திகைத்துப் போனார்கள். இந்தச் செய்தி வந்து சேராத தமிழ்க் கைபேசி அரிது. மின்னஞ்சலில் சுற்றி, முகநூலில் வளர்ந்து, இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நிலைத்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து "இது நிஜமா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

அறிவியல் ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் பிள்ளைக்கு இந்த ஒரு செய்திக்கு விடை கிடைக்கும். சிதம்பரம் நடராஜர் கோயில்தான் பூமியின் காந்த மையம் என்று அடுத்த வாரம் வேறொன்று வரும்போது, மறுபடியும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

இதே செய்தியைத் தமிழாசிரியர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் அதன் மொழியைத்தான் முதலில் பார்ப்பார். விஞ்ஞானிகள் என்று இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. கண்டறியப்பட்டது என்று இருக்கிறது, யாரால் என்று இல்லை. எழுவாயை ஒளித்துவைத்த செயப்பாட்டு வினை. சான்று வர வேண்டிய இடத்தில் திகைத்தார்கள், வியந்தார்கள் என்று உணர்ச்சி வினைகள். 3 விநாடி என்ற எண் மட்டும் துல்லியமாக நின்று, மற்ற எல்லாவற்றுக்கும் நம்பகத்தன்மையைக் கடன் கொடுக்கிறது. முடிவில் ஒரு ஏவல்: தமிழனாக இருந்தால் பகிர். இத்தனையும் எட்டாம் வகுப்பு இலக்கணத்துக்குள் அடங்குகிற விஷயங்கள்தான்.

நூலகர் அதே செய்தியை வேறு பக்கத்திலிருந்து பிடிப்பார். எந்தச் செயற்கைக்கோள்? எந்த ஆண்டு? முதலில் எங்கே வெளியானது? அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பக்கத்தைத் திறப்பார். தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது. தாழ்வான பாதையில் சுற்றுபவை விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் விழாமல் இருக்கின்றன. இந்தத் தகவல்கள் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் உண்டு. எங்கே தேடுவது, தேடிக் கிடைத்ததில் எதை நம்புவது என்பதுதான் நூலகரின் தொழில்.

ஒருவர் செய்திக்குள்ளே போகிறார், இன்னொருவர் வெளியே போகிறார். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே பாடவேளையில், ஒரே செய்தியின் மேல் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வெளியேறத் தெரிந்தவர்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வி ஆய்வுக் குழு ஒன்று சாம் வைன்பர்க் தலைமையில் இயங்கிவந்தது. 2016இல் அது வெளியிட்ட அறிக்கை பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. 12 மாநில மாணவர்களிடமிருந்து பெற்ற 7,804 விடைகளை அலசிய அறிக்கை அது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், விளம்பரதாரர் காசு கொடுத்துப் போட்டது என்று மேலேயே குறித்திருந்த ஒரு கட்டுரையை உண்மையான செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். கைபேசியில் விரல் ஓடுகிற வேகத்துக்கும் படித்ததை எடைபோடும் திறனுக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

அதைவிட முக்கியமானது வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் அடுத்துச் செய்த ஆய்வு. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள், ஆக 45 பேரைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு இணையதளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கி 60,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட பெரிய அமைப்பு. மற்றது 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. இரண்டின் தளமும் பார்வைக்கு ஒரே தரம்.

பேராசிரியர்கள் பலரும் மாணவர்களும் தளத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். சின்னத்தைப் பார்த்தார்கள், அடிக்குறிப்புகளைப் பார்த்தார்கள், மொழி நிதானமாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டார்கள். பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் அந்தத் தளத்தைவிட்டு வெளியேறினார்கள். பக்கத்தில் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள்.

மொழி ஆசிரியர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு பனுவலில் நின்று, சொல் சொல்லாகப் பிரித்து, ஊன்றி வாசிப்பதுதான் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெரும் நற்பழக்கம். அந்தப் பழக்கத்தையே ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நன்றாக எழுதப்பட்ட பொய்யை ஊன்றிப் படிக்கப் படிக்க அது உண்மைபோலவே ஆகிவிடும். நூலகர்களும் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேதி இருக்கிறதா, ஆசிரியர் பெயர் இருக்கிறதா, முகவரி எந்த வகை என்று ஒரே தளத்துக்குள் நின்று சரிபார்க்கும் பட்டியல்களை அமெரிக்க நூலகர்களே பல ஆண்டுகள் சொல்லித் தந்தார்கள். இன்று ஒரு போலித் தளம் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் ஒரு மதிய வேளையில் ஏற்பாடு செய்துவிடும்.

ஆகவே வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் வெளியேற வேண்டும். யார் சொல்கிறார், வேறு யார் சொல்கிறார் என்று பார்த்த பிறகு, படிக்கத் தக்கது என்று தெரிந்தால் திரும்பி வந்து நிதானமாக உட்கார வேண்டும். முதல் பாதியில் நூலகர் கைதேர்ந்தவர், பின்பாதியில் தமிழாசிரியர்.

ஏடு தேடிய தமிழாசிரியர்

இந்த இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தவர் நம்மிடம் ஒருவர் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் தமிழ் நடத்திய உ.வே. சாமிநாதையர். சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது தொடங்கிய தேடல், 1887இல் அச்சுப் புத்தகமாக வந்தது. இடையில் அவர் செய்தது என்ன? ஒரு பிரதியை மட்டும் நம்பி அச்சுக்கு அனுப்பவில்லை. ஊர் ஊராக, மடம் மடமாக, கவிராயர் வீடு வீடாகப் போய்ப் பிரதிகளைச் சேர்த்தார். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார். எழுத்து மாறியிருந்தால் பாடபேதம் என்று குறித்தார். எந்தப் பிரதி யாரிடமிருந்து வந்தது என்று முன்னுரையில் எழுதி நன்றி சொன்னார். ஏடு தேடிப் போனபோது நூலகர் வேலை. எது சரியான பாடம் என்று முடிவு செய்யத் தமிழறிவு.

அவருடைய பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். தமிழ்த் தாத்தா என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதுகிறோம். அவர் வேலை செய்த முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. ஒரே வாட்ஸ்அப் செய்தியின் மூன்று வடிவங்களை அச்செடுத்துக் கொடுத்து, எங்கெங்கே சொல் மாறியிருக்கிறது, எந்த வடிவம் முந்தியது, எதில் ஊர்ப்பெயர் மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் போதும். ஒவ்வொரு வதந்திக்கும் பாடபேதம் உண்டு. பிள்ளைக் கடத்தல்காரர்கள் நம் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற செய்தியில் ஊர்ப்பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

அந்தச் செய்தியை இங்கே சும்மா எடுக்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்க வண்டியை நிறுத்திய குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்து ஊரே சூழ்ந்துகொண்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாட்டின் பல மாநிலங்களில் இதே வகை வதந்தியால் உயிர்கள் போயின. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுப்பும் விரலுக்குத் தடை போட்டார்கள். படிக்கும் கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது பள்ளியின் வேலை.

பிரவுசிங் சென்டரில் தொலையும் நடுப்பகுதி

நூலகரும் மொழி ஆசிரியரும் சேர வேண்டியதன் காரணத்தை ஆய்வாக நிறுவியவர் கேரல் குல்தாவ். நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் நூலகராக இருந்தவர். ஆங்கில வகுப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லப்பட்ட மேல்வகுப்பு மாணவர்களை 1980களின் தொடக்கத்தில் பின்தொடர்ந்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தலைப்பு கொடுத்த நாள் முதல் கட்டுரை கொடுக்கும் நாள்வரை பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்று நாட்குறிப்பு எழுதச் செய்தார்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம் வருகிறது. பிறகு படிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு புத்தகம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. குழப்பம் வருகிறது, நம்பிக்கை சரிகிறது, தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டி, தான் எதைச் சொல்லப் போகிறோம் என்று தெளிந்த பிறகுதான் சேகரிப்பு பயன்படுகிறது. குழப்பம் வேலையின் ஒரு கட்டம், அது பிள்ளையின் குறைபாடு ஆகாது என்பது குல்தாவின் பெரிய கண்டுபிடிப்பு. பள்ளிகள் கேட்டு நடந்திருக்க வேண்டிய ஒன்று அது.

ஆசிரியர் தலைப்பு கொடுப்பதைப் பார்க்கிறார், முடிந்த கட்டுரையைப் பார்க்கிறார். நடுவில் பிள்ளை தடுமாறும்போது அதைப் பார்ப்பவர் நூலகர். ஆனால் தலைப்பு ஏன் கொடுக்கப்பட்டது, ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அந்த நடுப்பகுதியில் பிள்ளைக்குக் கை கொடுக்க முடியும்.

நம் ஊரில் அந்த நடுப்பகுதி எங்கே நடக்கிறது? பள்ளிக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில், ஜெராக்ஸ் கடையில். ஒப்படைவுத் தலைப்பைச் சொன்னால் கடைக்காரரே தேடி, ஒட்டி, வண்ண அச்சில் நான்கு பக்கம் எடுத்து, சுருள்கம்பியும் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பிள்ளை அட்டையில் பெயர் எழுதுகிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி விட்டுவைத்த இடத்தை அவர் நிரப்புகிறார். வீட்டில் கணினி இல்லாத, அப்பாவின் கைபேசி இரவு பத்து மணிக்குத்தான் கைக்கு வரும் பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. வெளியிலிருந்து பார்க்க ஒப்படைவு முடிந்துவிட்டது. தேடுவது, குழம்புவது, தெளிவது மூன்றும் நடக்கவே இல்லை.

தமிழில் தேடுவது தனிக் கலை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தொடாத ஓர் இடம் இருக்கிறது. தமிழில் தேடுவது. அதில் தமிழாசிரியர் இல்லாமல் நூலகரும், நூலகர் இல்லாமல் தமிழாசிரியரும் பாதி வழியில் நின்றுவிடுவார்கள்.

நம் மொழியில் ஒரு பெயர்ச்சொல் தனியே நிற்பது குறைவு. ஏரி, ஏரியை, ஏரிகளுக்கு, ஏரியிலிருந்து என்று உருபு ஏறிக்கொண்டே போகும். எட்டு என்ன பத்து வடிவம் ஆனாலும் மனிதக் கண்ணுக்கு ஒரே சொல். தேடுபொறி முன்பைவிட இப்போது நன்றாகப் புரிந்துகொள்கிறது என்றாலும், நூலகப் பட்டியல்களும் மின்னூலகத் தேடல் பெட்டிகளும் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து பார்ப்பவை. கோயில் என்று தேடினால் கோவில் என்று எழுதியது வராமல் போகலாம். பெயர்களில் இன்னும் சிக்கல்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத அய்யர், உ.வே.சா. பிள்ளை ஒரு வடிவத்தில் தேடி, ஒன்றும் வரவில்லை என்று எழுந்துவிடும். பகுதி, விகுதி பிரிக்கத் தெரிந்த பிள்ளை சரியான சொல்லைப் பெட்டியில் இடும். பகுபத உறுப்பிலக்கணம் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவனுக்கு நேர்மையான ஒரு பதில் இங்கே இருக்கிறது.

நூலகரிடம் இருக்கும் அறிவு வேறு. ஒருங்குறிக்கு முந்தைய காலத்துத் தமிழ்க் கோப்புகள் பல, தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் சொல்லைத் தேடுபொறி எடுத்துத் தராது. பழைய புத்தகங்களின் மின்படிகள் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். தேடி வரவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. இதைச் சொல்லித் தராவிட்டால், கூகுள் முதல் பக்கத்தில் வருவதுதான் தமிழில் இருக்கும் மொத்த அறிவு என்று ஒரு தலைமுறை நம்பிவிடும்.

உண்மையில் இருப்பது ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களைத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவும், கூடவே விக்கிமூலமும் வளர்ந்துவருகின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஈழத்து எழுத்துகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களை நினைத்தால் அந்தத் தளத்தின் பொருள் விளங்கும். இவற்றில் எதற்கு எங்கே போவது என்பது ஒரு பாடம். பத்தாம் வகுப்பு முடித்த எத்தனை பிள்ளைகள் இவற்றில் ஒன்றையாவது திறந்திருப்பார்கள் என்று எந்தத் தமிழாசிரியரும் தன் வகுப்பில் கைதூக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

பாரதி சொன்னாரா?

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேலை இரட்டிப்பாகிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், தலைப்பைச் சொன்னால் கட்டுரை வரும் காலம். பாரதியார் நீர் மேலாண்மை பற்றி எழுதிய கவிதை ஒன்று தா என்று கேட்டால், இல்லாத கவிதையைப் பாரதியின் சாயலில் எழுதித் தலைப்பும் சூட்டித் தந்துவிடக்கூடும். பொய் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கோக்கும் இயந்திரம் அது. அதற்கும் முன்பே, அப்துல் கலாம் சொன்னதாக ஆயிரம் பொன்மொழிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. 2015இல் அவர் மறைந்த பிறகும் அவர் பெயரில் புதிய வாக்கியங்கள் பிறப்பது நிற்கவில்லை.

இங்கே தமிழாசிரியரின் காது முதல் சோதனை. பாரதி கையாளாத சொல், அவர் காலத்தில் இல்லாத வழக்கு, தட்டும் சீர் ஆகியவை அவருக்கு உடனே உறுத்தும். ஆனால் காதை மட்டும் நம்ப முடியாது. பாரதி பல நடைகளில் எழுதியவர். நமக்குப் பழக்கமில்லாத ஒரு வரி அவருடையதாகவே இருக்கலாம். அப்போது பதிப்பைப் பார்க்க வேண்டும். சீனி. விசுவநாதன் பல ஆண்டு உழைப்பில் காலவரிசைப்படுத்திய பாரதி படைப்புகள் இருக்கின்றன. எந்த இதழில் எந்தத் தேதியில் வந்தது என்று அவை சொல்லும். பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு நாட்டுடைமை ஆக்கியதால் கவிதைகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. திருப்பூரில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்க்கலாம். எந்தப் பதிப்பு நம்பத் தகுந்தது என்று காட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இயந்திரத்தைத் தடை செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் பள்ளிகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இயந்திரம் எழுதிய கட்டுரையை வகுப்பில் வைத்து, அதில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் தேடச் சொல்வது நல்ல பாடம். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிள்ளைகளே சிவப்பு மையில் அடிக்கட்டும். பிறகு அதன் தமிழைப் பார்க்கட்டும். ஒரே நீளத்தில் வரும் வாக்கியங்கள், யாரையும் காயப்படுத்தாத பொதுக்கருத்துகள், இறுதியில் தவறாமல் வரும் அறிவுரை. தன் நடை எது என்று பிள்ளைக்குத் தெரிவதும் அப்போதுதான்.

நூலகர் இல்லாத நூலகங்கள்

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலகருக்குப் பணியிடம் உண்டு. பெரிய தனியார் பள்ளிகள் பலவற்றிலும் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இல்லை. புத்தகங்கள் இருக்கின்றன, அலமாரி இருக்கிறது. சாவி ஓர் ஆசிரியரிடம், பல நேரங்களில் தமிழாசிரியரிடமே இருக்கிறது. ஆறு வகுப்புப் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, இணையத்தில் பதிவேற்றும் வேலையும் செய்துவிட்டு அவர் நூலகத்தையும் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கும். தேர்வு நெருங்கும்போது கணக்கும் அறிவியலும் அதைக் கடன் வாங்கிக்கொள்ளும்.

நூலகவியலுக்கு உலகம் போற்றும் ஐந்து விதிகளை 1931இல் எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன் கணித ஆசிரியராக இருந்தவர். அவர் முயற்சியால் 1948இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியோடு இன்றும் நூலக வரி கட்டுகிறோம். அந்தச் சட்டத்தின் பயனாக நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று. பள்ளியில் நூலகர் இல்லாவிட்டாலும் பல ஊர்களில் நடந்து போகும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார்.

பின்லாந்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஐரோப்பிய நாடுகளின் ஊடக அறிவுப் பட்டியல்களில் முதலிடத்தில் நிற்கும் நாடு அது. அங்கேயும் பெரும்பாலான பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. நகராட்சியின் பொது நூலகம்தான் பள்ளிகளோடு ஒப்பந்தமாக இணைந்து வேலை செய்கிறது. நூலகர் வகுப்புக்கு வருகிறார், வகுப்பு நூலகத்துக்குப் போகிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் பாடத்திட்டம், படம், எண், காணொளி, எழுத்து எல்லாவற்றையும் படித்து எடைபோடும் திறனை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக வைத்தது. கிளை நூலகரைப் பள்ளிக்கு அழைக்க நமக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் பொது நூலக இயக்ககமும் இருக்கிறது. ஒரே துறைக்குள் ஓர் ஆணை போதும்.

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததைப் பார்த்து, கண்ணூர் மாவட்ட ஆட்சியராக இருந்த மிர் முகம்மது அலி 2018இல் ஏறக்குறைய 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனம் காணும் வகுப்புகளைத் தொடங்கினார். பின்னர் கேரள அரசின் கைட் அமைப்பு அதை மாநிலம் முழுவதும் கொண்டுபோனது. 2024இல் 5, 7ஆம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடப்புத்தகத்திலேயே உண்மை சரிபார்ப்பு இடம்பெற்றது. பாராட்ட வேண்டிய வேலை. ஒரே ஒரு மாற்றுக் கருத்து எனக்கு உண்டு: அது மலையாளப் புத்தகத்திலும் இருந்திருக்க வேண்டும். வதந்தி வருவது தாய்மொழியில்தான், கோபமும் பயமும் எழுவதும் அந்த மொழியில்தான்.

ஒரு பாடவேளை, ஒரு வினா

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாதத்துக்கு ஒரு நூலகப் பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் தமிழாசிரியரும் நூலகரும், அல்லது தமிழாசிரியரும் கிளை நூலகரும், உட்கார்ந்து ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பில் இருவரும் இருக்க வேண்டும். பிள்ளைகளை நூலகரிடம் விட்டுவிட்டுத் தமிழாசிரியர் விடைத்தாள் திருத்தப் போய்விட்டால் திட்டம் அன்றே முடிந்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும் பள்ளியில் அங்கே நடத்தலாம். இணையம் வராத நாளில், ஒரே நிகழ்வைத் தினத்தந்தியும் தினமணியும் இந்து தமிழ் திசையும் எப்படித் தலைப்பிட்டன என்று மூன்று தாள்களை விரித்துவைத்தாலே ஒரு மணி நேரம் போதாது. பாடப்புத்தகத்தில் இயல்தோறும் வரும் 'அறிவை விரிவு செய்' பகுதியில் நூல் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஒரு நூலாவது பள்ளியில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் பயிற்சியாக இருக்கலாம்.

ஆனாலும் நம் பள்ளிகளில் எது தேர்வில் வருகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பும் வினா வருகிறது. அதில் நூலக உறுப்பினர் படிவமும் ஒன்று. நூலக வாசல் மிதிக்காத பிள்ளையும் அதை நிரப்பி மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அதே தாளில் இன்னொரு வினா சேர்க்கலாம். சுற்றிவரும் செய்தி ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து மூன்று கேள்விகள்: இச்செய்தியில் சான்றுக்குப் பதிலாக உணர்ச்சியைத் தரும் சொற்கள் எவை? இதைச் சரிபார்க்க நீ எந்த இரண்டு இடங்களுக்குப் போவாய்? ஒவ்வோர் இடத்திலும் எந்தச் சொல்லை இட்டுத் தேடுவாய்? மொத்தம் 5 மதிப்பெண். செய்தி உண்மையா பொய்யா என்ற முடிவுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூட வேண்டாம். ஐந்தும் வழிக்கே இருக்கட்டும்.